லேபர் ஒண்ணு

வளைகுடாவில், லிவா பாலைவனத்தில் உடையப்பனுக்குக் கிடைத்த வேலை, நிற்பது. அவர் வேலை பார்த்த சாரம் கட்டும் கம்பெனிதான் அவரைப் படப்பிடிப்புக்கு அனுப்பியிருந்தது. கேமராவையும் விளக்குகளையும் சரிபார்க்க ஒரு மணி நேரம் பிடிக்கும்; அவ்வளவு நேரம் நடிகரை வெயிலில் நிறுத்த முடியாது. அதே உயரம், அதே கறுப்பு, அதே தோள் அகலம் உள்ள ஒருவரை அவர் இடத்தில் நிறுத்தி ஒளியை அமைப்பார்கள். எல்லாம் சரியானதும் நடிகர் வருவார், நின்றவர் விலகிக்கொள்வார். நின்றவரின் நிழல்கூடப் படத்தில் விழாது.

நடிகர் கறுப்பின அமெரிக்கர், பெயர் டெஸ்மண்ட் ஹேல். சாப்பாட்டு நேரத்தில் தன் கதையைச் சொல்வார். புரொடக்‌ஷன் மேனேஜர் சுரேஷ்குமார், சென்னைக்காரன், அதைத் தமிழில் சொல்வான். நியூயார்க் நாடக மேடையில் ஹேல் பதினொரு வருடம் மாற்று நடிகர். வசனம் முழுக்க மனப்பாடம், ஆனால் பெரிய நடிகருக்குக் காய்ச்சல் வந்தால்தான் மேடை. அந்த நாட்களில் அவர் பெயரைத் துண்டுச்சீட்டில் அச்சடித்து, பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் நாடகப் புத்தகத்துக்குள் செருகவேண்டும். ஒருநாள் செருகவில்லை. சீட்டு வராமல் ஏறமாட்டேன் என்று ஒப்பனை அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடம் கழித்துத்தான் திரை எழுந்தது. அன்று பார்க்க வந்த ஒருவர்தான் பிறகு அவரைச் சினிமாவுக்கு அழைத்தார்.

"திமிர் புடிச்ச மனுசன்" என்று சுரேஷ்குமார் சிரித்தான். உடையப்பன் சிரிக்கவில்லை.

கடைசி நாள் ஹேல் முழங்கால் வீங்கி, ஓட்டலோடு தங்கிவிட்டார். மிச்சமிருந்தது ஒரே காட்சி. சூரியன் இறங்கும்போது அவர் மணல்மேட்டில் ஏறிப் போகவேண்டும்; முதுகு மட்டும் தெரியும். சுரேஷ்குமார் ஹேலின் கோட்டும் தொப்பியும் கொண்டுவந்தான்.

"அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு ஏறிப் போயிருங்க. யல்லா, கெளம்புங்க."

"என் முதுகு படத்துல வருமா?"

"வரும்."

"அப்ப பேரும் வருமா?"

"முதுகுக்கெல்லாம் யாருண்ணே பேரு போடுவா?"

உடையப்பன் அவன் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். அன்றைக்கு வேலை செய்பவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். படத்தின் முடிவில் ஓடும் பெயர்களை அந்தத் தாள்களிலிருந்துதான் எடுப்பார்கள். அவருக்கான வரியில் 'லேபர் 1' என்றிருந்தது.

கோட்டை மடித்து மணலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தக் காட்சியை ஒருமுறைதான் எடுக்கமுடியும். கால்பட்ட மணலைக் காற்று மறுபடி வழவழப்பாக்க ஓர் இரவாவது வேண்டும். மறுநாளுக்கு அனுமதி இல்லை. அந்தக் கோட்டுக்குப் பொருந்தும் தோள் அங்கே வேறு யாருக்கும் கிடையாது.

"கம்பெனிக்குப் போன் போட்டா, நாளைக்கே உங்களை ஊருக்கு ஏத்திவிட்ருவான்."

"ஏத்தட்டும்ப்பா. டிக்கெட்டுல என் பேரைத்தானே போடுவான்? லேபர் ஒண்ணுன்னா போடுவான்?"

சுரேஷ்குமார் தாளை வாங்கிக்கொண்டு டைரக்டரிடம் ஓடினான். திரும்பி வந்தபோது 'லேபர் 1' கோடு போட்டு அடிக்கப்பட்டு, மேலே அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் டைரக்டரின் கையெழுத்து. உடையப்பன் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இனிஷியல் எங்க?"

"அண்ணே, வெளிச்சம் போகுது."

"எங்கப்பா சேதுபதி. எஸ் போடு."

போட்டான். உடையப்பன் கோட்டை உதறி மாட்டிக்கொண்டு மேட்டில் கால் வைத்தார். கீழிருந்து யாரோ "ஜல்தி, ஜல்தி" என்றார்கள். அவர் தன் நடையிலேயே ஏறினார்.