அமிர்தலிங்கம் வீட்டுக் காற்று

அமிர்தலிங்கத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானத்திலிருந்து அவருடைய வீட்டுக்குள் மட்டும் காற்று வீசத் தொடங்கியது. கோலா கிளாவாங்கைத் தாண்டி, மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல் கிடக்கும் புக்கிட் செரோஜா தோட்டத்தில் காற்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மழைக்கு முன்னால், எண்ணெய்க்காக நட்ட செம்பனையின் ஓலை கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். கோயில் கொடி வருஷம் முழுக்கக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தின் கடைசி வீட்டில், வாசல் வழியாக உள்ளே வராமல் நடுக்கூடத்திலேயே பிறந்து, சமையல்கட்டைக் கடந்து, பின்கதவு வழியாகக் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் ஒரு புல்கூட ஆடவில்லை.

அமிர்தலிங்கம் வாழ்நாளெல்லாம் செம்பனைக்கு மருந்து அடித்தவர். முதுகில் மருந்து டின், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, வேறு பாதுகாப்பு கிடையாது. கடைசி வருஷங்களில் அவர் படுத்துத் தூங்கியதே இல்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. மேசை மேல் தலையணையை வைத்து, அதில் நெற்றியைக் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். அவர் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வீடுகளில் விடியுமுன் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் எழுந்தார்கள். மூச்சு அடைக்கும்போது வாயில் வைத்து இழுக்க அரசாங்க கிளினிக்கில் கொடுத்த நீல நிறப் பம்பு எப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தது.

செத்தவர் ஆசைப்பட்டதை இலையில் வைப்பது வழக்கம். பதினாறாம் நாள் ஆட்டுக்கறியும் வறுத்த நெத்திலியும் ஒரு போத்தல் ஸ்டவுட் பீரும் வைத்தார்கள். மகள் விமலாவுக்கு, அப்பா உண்மையில் ஆசையாகக் கையில் வைத்திருந்தது வேறொன்று என்று தோன்றியது. கிளினிக்கிலிருந்து வாங்கி வந்து பிரிக்காமலே கிடந்த புதுப் பம்பை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றார்கள். திறந்தபோது கறி அப்படியே இருந்தது, ஸ்டவுட் குறையவில்லை. பம்பு மட்டும் காலியாக இருந்தது. இலை பறந்துபோய்ச் சமையல்கட்டில் கிடந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாமி விளக்கைப் பால்மாவு டின்னுக்குள் வைத்துத்தான் ஏற்ற முடிந்தது. சுவரில் மாட்டிய தினக் காலண்டரின் தாள்கள் தானாகக் கிழிந்து போனதால் அங்கே தீபாவளி எப்போதும் மற்ற வீடுகளை விடச் சில நாட்கள் முன்பே வந்துவிடும். அடைமழைக் காலத்தில் லயத்துப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளெல்லாம் அவர்கள் கூடத்தில்தான் கொடியில் தொங்கிக் காய்ந்தன. அமிர்தலிங்கத்தின் மனைவி பஞ்சாலை காலையில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கப் போவாள். திரும்பி வந்ததும் கூடத்தின் நடுவில், காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வாள். வியர்வை காயும். வருஷத் திதிக்கு ஒரு புதுப் பம்பு வைத்தால் அடுத்த திதி வரை காற்று நிற்காது என்று அவள் கண்டுகொண்டாள். செத்தவர் பேரில் மருந்து போவது கிளினிக்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்கவில்லை.

ரோகினி என்ற இன்ஜினியர் பெண் தோட்டத்துக்கு வந்தது இப்படிப் பல வருஷங்கள் ஓடிய பிறகு. அவள் வேலை செய்த கம்பெனிக்குக் காற்றாலை வைக்க அரசாங்க மானியம் கிடைத்துவிட்டது. காற்றுதான் கிடைக்கவில்லை. மலை உச்சியில் கம்பம் நட்டுப் பார்த்தார்கள், அதில் மாட்டிய கிண்ணங்கள் சுற்றவில்லை. எறும்பு கூடு கட்டியது. களைத்துப்போய் இறங்கி வந்தவள் பஞ்சாலை வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அவள் கையிலிருந்த காற்று அளக்கும் கருவி அப்போது சுற்ற ஆரம்பித்தது. அது பழுதாகிவிட்டது என்று நினைத்து அதைத் தட்டினாள். பிறகு உள்ளே போய், கூடம், சமையல்கட்டு, பின்கதவு என்று ஒவ்வோர் இடத்திலும் பிடித்துப் பார்த்தாள். எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டதற்குப் பஞ்சாலை உள்ளதைச் சொன்னாள். கம்பெனிக்குத் தேவை காற்றின் வேகம்தான், அது பிறந்த இடம் அல்ல என்பதால் ரோகினி அதை மேலே சொல்லவில்லை.

லயத்துக்குத் தோட்டத்து எஞ்சின்தான் மின்சாரம் கொடுத்தது. அது பொழுது சாய்ந்தால் ஓடும், எல்லாரும் சாப்பிட்டு முடித்தால் நின்றுவிடும். கொல்லையில் ஒரு காற்றாலைக் கோபுரம் வைக்க விட்டால் லயம் முழுக்க நாள் முழுதும் கரண்டு என்று கம்பெனி சொன்னது. கோயில் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். கோயில் தலைவர் குணாளன் நடுவில் உட்கார்ந்தார். லயத்துக்குப் பின்னால் நாலைந்து டுரியான் மரம் வைத்திருந்த, ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்ற தேவதாஸ், தான் வேதக்காரன் என்பதால் வழக்கம்போல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் பேசியது அவர்தான்.

"காத்தே இல்லாத ஊருல காத்தாடிக்குக் காசு கொட்டுறானுங்க. மேல வெயிலு சும்மா எரியுது, அதக் கேக்க நாதியில்ல."

"வெயிலுக்கு வேற ஆபீஸ்ண்ணே. இவங்க காத்து ஆபீஸ்" என்றார் குணாளன்.

"யாரு காசு குணாளா? டவுன் பக்கம், மந்தின்ல, மம்பாவ்ல கரண்டு பில்லு கட்டுறவன் எல்லாம் இதுக்குச் சேத்துக் கட்டணும். அவன் வீட்டு ஃபேனு ஓட, நம்ம அமிர்தலிங்கத்துக்கும் சேத்துக் காசு அழணும்."

"அழட்டுமே லா. இத்தன வருஷம் அவனுங்க வீட்டுல லைட்டு எரிஞ்சப்ப நாம மண்ணெண்ணெய் விளக்குல தானே இருந்தோம்."

வௌவால் என்ன ஆகும் என்று தேவதாஸ் கேட்டார். டுரியான் பூவுக்கு வௌவால் வராவிட்டால் காய் பிடிக்காது. சின்ன இயந்திரம்தான், பறவைகள் விலகிப் போய்விடும் என்று ரோகினி சொன்னாள். வௌவால் பறவை இல்லையே என்றார் தேவதாஸ். அவள் கையிலிருந்த தாளைப் புரட்டினாள். யாரோ பின்னாலிருந்து, "அமிர்தலிங்கம் மூச்சே மானியத்துலதான்யா ஓடிச்சு. கிளினிக்குல ஒரே ஒரு வெள்ளி கட்டி வாங்கின பம்பு. இப்பக் கரண்டும் மானியத்துல ஓடிட்டுப் போவட்டும்" என்றார்கள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பஞ்சாலையும் சிரித்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்க என்னக்கா சொல்றீங்க என்று குணாளன் கேட்டார்.

"எல்லாருக்கும் லைட்டு வரும்னா வைங்க. அவரு யாருக்கும் இல்லன்னு சொன்னதில்ல."

கோபுரம் வந்தது. காற்றைப் பின்கதவிலிருந்து இறக்கைக்கு ஏற்ற ஒரு தகரக் குழாய் போட்டார்கள். லயத்தில் ஃபேன் ஓடியது, ஐஸ்பெட்டி வாங்கினார்கள், பிள்ளைகள் பகலிலேயே டிவி பார்த்தார்கள். அந்த வருஷமே கோபுரத்தடியில் வௌவால்கள் காயம் ஒன்றும் இல்லாமல் செத்துக் கிடக்க ஆரம்பித்தன. தேவதாஸ் அவற்றை வேலியோரம் புதைத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு குச்சி நட்டார். டுரியான் பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது, காய் பிடிக்கவில்லை. அவர் வீட்டிலும் ஃபேன் ஓடியது. அதை நிறுத்தும்படி தன் மனைவி அந்தோனியம்மாளிடம் சொன்னார். அந்தோனியம்மாள் நிறுத்தவில்லை.

அடுத்தடுத்த வருஷங்களில் வீட்டுக்குள் காற்று மெலிந்தது. இறக்கை இழுக்க இழுக்க, உள்ளே மிச்சம் நிற்கவில்லை. பள்ளிச் சட்டைகள் காயாமல் நாற்றமடித்தன. காலண்டரில் தாள் கிழியாமல் பஞ்சாலையே கிழிக்க வேண்டியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்தால் முதுகில் ஒன்றும் படவில்லை. அதோடு, காலையில் ஆட்கள் பெரட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் கோபுரத்திலிருந்து ஒரு விசில் சத்தம் வரத் தொடங்கியது. மேலே ஏறும்போது மெல்லிசாக, இறங்கும்போது கரகரப்பாக. பழைய ஆட்களுக்கு அது யாருடைய நெஞ்சுச் சத்தம் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. சத்தம் தொந்தரவு என்று யாரோ மேலே புகார் கொடுத்ததால் ரோகினி வந்து பேரிங்கை மாற்றினாள், கிரீஸ் போட்டாள். சத்தம் போகவில்லை.

"கிரீஸ் போட்டாப் போவாதும்மா. அவருக்கு முடியல" என்றாள் பஞ்சாலை.

"தெரியுது ஆண்ட்டி" என்றாள் ரோகினி. ஏணியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நிறுத்துறது என் கையில இல்ல."

மானியம் தொடர வேண்டுமா என்று பார்க்க அதிகாரிகள் கோலாலம்பூரிலிருந்து வரப்போவதாகச் சேதி வந்தது. இறக்கை நன்றாகச் சுற்றினால் இன்னும் மூன்று கோபுரம். சுற்றாவிட்டால் மூடிவிடுவார்கள். அவர்கள் வரும் நாள் அமிர்தலிங்கத்தின் திதியன்று விழுந்தது. முந்தின சாயங்காலம் குணாளன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"அக்கா, இந்தத் தடவ ரெண்டு பம்பா வைங்க. மூணா இருந்தாலும் நல்லதுதான். பிள்ளைங்க படிப்பு இருக்கு, யோசிங்க."

பஞ்சாலை மறுநாளைக்கு இலை நறுக்கக் கொல்லைப் பக்கம் போனாள். சிரம்பானிலிருந்து வந்திருந்த விமலா, குணாளன் சொல்லியனுப்பியபடி கைப்பை நிறையப் பம்பு கொண்டுவந்திருந்தாள். திதியன்று அதிகாரிகள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கோபுரத்தடியில் நின்று செலவைப் பற்றியும், அதே பணத்தில் எத்தனை கூரைக்குச் சூரியத் தகடு போட்டிருக்கலாம் என்பதைப் பற்றியும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். இறக்கை விசிலடித்துக்கொண்டு சுற்றியது. உள்ளே பஞ்சாலை இலை போட்டாள். கறி, நெத்திலி, ஸ்டவுட். விமலா பம்புகளை வரிசையாக அடுக்கினாள். பஞ்சாலை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மகளின் பைக்குள் திருப்பிப் போட்டாள்.

"அம்மா, வெளிய எல்லாரும் நிக்கிறாங்க. அப்புறம் நம்மளத்தான் ஏசுவாங்க."

"ஏசட்டும். உங்கப்பா உசுரோட இருந்தப்ப தோட்டத்துக்கு மூச்சு விட்டாரு. செத்தும் வேல செய்யிறாரு. எந்தக் கம்பெனிடி செத்தவன பெரட்டுக்குக் கூப்புடும்?"

பஞ்சாலை தரையில் ஒரு பாயை விரித்தாள், அலமாரியைத் திறந்து அவருடைய பழைய தலையணையை எடுத்துவந்தாள். நடுவில் நெற்றி அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. அதை மேசை மேல், இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "விமலா அப்பா, போதும். வேல முடிஞ்சிருச்சி. படுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வெளியே இறக்கை மெதுவானது. விசில் நீண்டு, இழுத்து, நின்றது. லயத்தில் ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தேவதாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதிகாரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காருக்குப் போனார்கள். கதவைத் திறந்தபோது கறி எப்போதும் போல அப்படியே இருந்தது. தலையணை மேசையில் இல்லை. அது தரையில் விரித்திருந்த பாயின் தலைமாட்டில் கிடந்தது. பழைய பள்ளம் மறைந்து, அகலமாக, மல்லாந்து படுத்தவரின் தலை வைத்ததுபோல் வேறொரு பள்ளம் விழுந்திருந்தது. விமலா அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

காற்று மின்சாரம் வீண் செலவு என்று ஒரு பத்திரிகையும், காற்று சரிதான், இடம்தான் தவறு என்று இன்னொரு பத்திரிகையும் எழுதின. கோபுரத்தைப் பிரிப்பதற்கு, அதை வைத்ததை விட அதிகம் செலவாகும் என்பதால் அது அங்கேயே நின்றது. வௌவால்கள் வந்து அதில் தொங்கின. தேவதாஸின் மரங்களில் காய் பிடித்தது. முதல் பழத்தை அவர் பஞ்சாலைக்குக் கொடுத்தார். குணாளன் ஆடிக் கூழ் ஊற்றும் நாள் வரை அவளிடம் பேசவில்லை. ஐஸ்பெட்டிகளில் துணி வைத்தார்கள். பிறகு ஒரு தேர்தல் நெருங்கியபோது மின்கம்பங்கள் தானாக வந்து சேர்ந்தன.

இரண்டொரு வருஷம் கழிந்த பின், ஒரு மத்தியானம், பஞ்சாலை வீட்டுக் காலண்டரில் ஒரு தாள் கிழிந்து விழுந்தது. காற்று முன்பு போல் இல்லை. வரும், நிற்கும், மறுபடி வரும், தூங்குகிறவரின் மூச்சைப் போல. சட்டை காயப் போதாது. கைக்குட்டை காயும். பஞ்சாலை மறுபடியும் கூடத்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வேறு கம்பெனிக்கு மாறியிருந்த ரோகினி ஒருநாள் கருவியோடு வந்தாள். கோயிலடியில் குணாளன் நின்றார்.

"காத்தா? இங்கயா? இல்லையே லா. கொடியப் பாருங்க."

கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ரோகினி கடைசி வீடு வரை நடந்தாள். பஞ்சாலை கோப்பி கலக்கிக் கொடுத்தாள். சுவரில் காலண்டர் நாளை மறுநாள் தேதியைக் காட்டியது. ரோகினி அதைப் பார்த்தாள், பாயின் தலைமாட்டில் பள்ளம் விழுந்து கிடந்த தலையணையைப் பார்த்தாள், கருவியைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். கோப்பி தீரும் வரை இருவரும் செம்பனை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், தூங்குகிறவர் விழித்துவிடாதபடி, குரலைத் தாழ்த்தி.