எஞ்சின் சத்தம் இல்லாத ஊர்

பயணிகள் வரும் நாளில் எங்கள் ஊரில் எஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது. அது சுற்றுலாக் கம்பெனி போட்ட சட்டம். விடிந்ததும் எல்லா மோட்டார் சைக்கிள்களையும், ஊருக்கென்று இருக்கும் ஒரே வேனையும் மலையடிவாரக் கொட்டகைக்குள் தள்ளி, இரும்புக் கதவைப் பூட்டிவிடுவோம். சைக்கிளில் பள்ளத்தாக்கைச் சுற்ற வருகிறவர்கள் பழைய காலத்து ஊரைப் பார்க்க வேண்டுமாம். அதற்காக நாங்கள் பழைய காலத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன கொழுப்பு பாருங்கள்!

சாவி என் அக்கா புருஷன், மச்சானிடம் இருக்கும். வழிகாட்டியாக முன்னால் போகிறவர் அவர். டியூப், பம்பு, ஸ்பேனரோடு கடைசியில் போகிற மெக்கானிக் நான். முன்பு ஒருமுறை யாரோ ஒருவன் வண்டியை எடுத்து ஓட்டி, ஒரு பயணியின் போட்டோவுக்குள் புகுந்துவிட்டான். அன்றிலிருந்து சாவி மச்சானின் பெல்ட்டை விட்டு இறங்குவதில்லை.

அன்று காலை அக்காவுக்கு இழுப்பு அதிகம். அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு விடும்போதெல்லாம் தொண்டையில் விசில் அடித்தது.

“மச்சான், இப்பவே அக்காவ வேன்ல டாக்டர்கிட்ட அனுப்பிடலாம்.”

“பத்துப் பேரு வெளிய நிக்கிறாங்க மாப்ள. இப்பப் போய் வேன எடுக்கச் சொல்றியா? சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன்.”

“சாவியவாவது குடுத்துட்டு வாங்க.”

“குடுத்தா ஆளாளுக்கு எடுத்து ஓட்டுவாங்க. என் பொழப்புல மண்ணப் போடாத.”

அக்கா கையை ஆட்டினாள். “போடா... எனக்கு ஒண்ணுமில்ல. நீ சொன்னா... கேக்கவா போறாரு?” சிரிக்கப் பார்த்தாள். பாதியில் இருமல் வந்துவிட்டது.

வயிற்றெரிச்சலோடு சைக்கிளை மிதித்தேன். ஆற்றோரமாகவே இறக்கம். வழியில் இருந்த ஊர்களில் பயணிகள் கல் வீடுகளைத் தடவிப் பார்த்தார்கள், கிணற்றில் நீர் இறைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குப் பஞ்சர், ஒருவருக்குச் செயின் கழன்றது. போனில் சிக்னல் இல்லை. அதையும் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தார்கள்.

சாப்பாடு முடிந்து மேடேறித் திரும்பும்போது, குறுகலான பாலத்தில் எதிரே மாட்டு வண்டி வந்தது. பயணிகளுக்குக் காட்டவென்று கம்பெனி வர்ணம் அடித்து வைத்திருக்கும் வண்டி. எல்லோரும் சைக்கிளைப் போட்டுவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றார்கள். மாடுகள் மிரண்டு நின்றன. மச்சானுக்கு வாயெல்லாம் பல். பயணிகளை மகிழ்விக்க ஊர்க்காரர்களே அனுப்பியதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. “ஒவ்வொருத்தரா எடுங்க, ஒவ்வொருத்தரா,” என்று வரிசை வேறு பிடித்துக் கொடுத்தார்.

“வழி விடுங்கய்யா!” என்று கத்தினார் வண்டி ஓட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரர். கத்திக் கத்தி அவர் தொண்டை கட்டியிருந்தது.

கடைசியிலிருந்து ஓடினேன். வைக்கோல் மேல் அக்கா கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. தலை பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி மடியில்.

“கடப்பாரையால நெம்பிப் பாத்தோம்பா,” என்றாள் அவள். “கொட்டகைக் கதவு அசையவே இல்ல.”

அக்காவின் வாயருகே காதை வைத்தேன். விசில் சத்தத்தைத் தேடினேன். காலையில் கேட்கவே பயந்த சத்தம், இப்போது ஒருமுறை கேட்டால் போதும் என்றிருந்தது. கேட்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சான் வந்தார். பார்த்தார். பெல்ட்டைத் தடவிச் சாவியைக் கழற்றி நீட்டினார்.

“இந்தாங்க சாவி. யாராவது ஓடுங்க. வேன எடுத்துட்டு வாங்க.”

யாரும் வாங்கவில்லை. அவரை அடிக்க ஓங்கிய என் கை அப்படியே நின்றது. அவர் அக்காவின் உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். விட்டதும் அவை விரிந்துகொண்டன.