கடல் பார்த்த அறை

"மெதுவா இருமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கணவரிடம் வெந்நீர்த் தம்ளரையே நீட்டினாள்.

சீசன் நான்கு மாதமும் கடல் பார்த்த முன்னறை விருந்தாளிக்கு. வீட்டுக்காரர்களுக்குச் சமையலறைக்குப் பின்னாலிருக்கும் சாமான் அறை. கரையோரத் தெரு முழுக்க இதே ஏற்பாடுதான். வெயில் காலம் வந்தால் ஊரே தன் சொந்த வீட்டில் ஒண்டுக்குடித்தனம் போய்விடும். அந்த வரும்படியில்தான் கூரையும் மருந்தும். வாசலில் நகராட்சி பதித்த பித்தளைத் தகடு வேறு: இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்படைத் தளபதி இங்கே ஓர் இரவு தங்கினாராம். வயிற்றுப்போக்கோடு கரை ஒதுங்கியவர் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதைப் பொறிக்கத் தகட்டில் இடம் போதவில்லை.

"ஒரு ராத்திரி தூங்கினவனுக்குத் தகடு. நாப்பது வருஷம் தூங்கினவனுக்கு ஒரு ஆணிகூட இல்ல" என்பார் அவள் கணவர். அக்கரைக்குப் போகும் பயணிகள் படகை முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியவர். நாலு மணி நடைக்கு ஜன்னலைத் தாண்டும்போது தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்து ஹாரன் அடிப்பார். அவள் கைப்பிடித் துணியை ஆட்டுவாள். இப்போது நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. டாக்டர் கணக்கை வாரங்களில் சொல்லியிருந்தார்.

"படகுலேர்ந்து இந்த ஜன்னலைப் பாத்துருக்கேன். ஜன்னல்லேர்ந்து படகைப் பாத்ததே இல்லம்மா. ஒரே ஒரு தடவை, நாலு மணிக்கு."

"அந்தாளு ஞாயித்துக்கிழமை போயிடுவாரு. பொறுங்க."

அந்தாள் பேராசிரியர். 'கடலும் ஆன்மாவும்' என்று நூல் எழுத வந்தவர். உப்புக்காற்று பட்டால் மூக்கு அடைக்கிறதென்று முதல் நாளே ஜன்னலைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டார். ஆன்மா மட்டும் திரைக்கு வெளியே போய் வந்துகொண்டிருந்தது போல.

ஞாயிறு நெருங்கியபோது, கடைசி அத்தியாயம் பிடிகொடுக்கவில்லை, இன்னும் ஒரு வாரம் இருக்கிறேன் என்றார். அரை மணி நேரம் மட்டும் அறையைக் கேட்டுவிடலாம் என்று அவள் கதவைத் தட்டினாள். வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பின்னால யாரோ இருமிக்கிட்டே இருக்காங்களே, யாரும்மா அது?"

"பக்கத்து வீட்டுக்காரருங்க. சொல்லி வைக்கிறேன்."

எப்படி வந்தது அந்தப் பதில் என்று அவளுக்கே தெரியவில்லை. வந்த காரியத்தைக் கேட்காமலே திரும்பினாள். சாமான் அறையின் சுவர் வெறும் பலகைத் தடுப்பு. கணவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அன்றிலிருந்து தலையணையில் முகம் புதைத்து இருமினார். நாலு மணிக்கு ஹாரன் கேட்கும்போது மட்டும் கண் திறக்கும்.

அடுத்த புதன்கிழமை ஹாரன் கேட்கவில்லை. கடல் கொந்தளிப்பென்று படகை நிறுத்திவிட்டார்கள். இனி அடுத்த வருஷம்தான்.

ஞாயிறு காலை, பேராசிரியர் விருந்தினர் புத்தகத்தில் 'இங்கே கடல் என்னோடு பேசியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். மதியமே தச்சர் வந்துவிட்டார். புயல் பருவம் தொடங்குமுன் கரையோர ஜன்னல்களுக்கு வெளியிலிருந்து பலகை அடித்து மூடுவது வழக்கம்; திறப்பது நாலைந்து மாதம் கழித்து. அவரும் அவளுமாகக் கணவரைத் தூக்கி வந்து முன்னறைக் கட்டிலில் சாய்த்தார்கள். கனமே இல்லை.

கணவர் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரன் இங்க கொஞ்ச நேரம் உக்காந்துக்கலாமா?"

தச்சர் ஏதோ ஜோக் என்று சிரித்தார். அவள் தலையணையைத் தட்டிக்கொண்டே இருந்தாள், தட்ட ஒன்றுமில்லாத பிறகும்.

ஐந்து பலகை ஏறிவிட்டது. ஆறாவதை எடுத்தபோது அவள் வெளியே ஓடினாள்.

"நாலு மணி வரைக்கும் விட்டுடுங்க அண்ணே."

"படகுதான் நின்னுபோச்சே அக்கா. இன்னும் எட்டு வீடு கெடக்கு. சாயங்காலம் தண்ணி ஏறிடும்."

"படகுதானே நின்னுச்சு. நாலு மணி நிக்கலயே."

தச்சர் பலகையைச் சுவரில் சாய்த்தார். மிச்சமிருந்த இடைவெளியில் கண்ணாடி உப்புப் படிந்து மங்கியிருந்தது. அவள் இடுப்பிலிருந்த கைப்பிடித் துணியை உருவித் துடைத்தாள். அலைச்சாரல் அடித்தது, மறுபடி துடைத்தாள். துணி இப்படியும் அப்படியும் போய்வந்துகொண்டிருந்தது. உள்ளே கணவரின் கை மெல்ல மேலே எழுந்து, காற்றில் எதையோ பிடித்து இழுத்தது. தச்சர் உதட்டில் கவ்விய ஆணிகளோடு, அவளுக்குப் பின்னால், நின்றுகொண்டிருந்தார்.