பதினெட்டு ரிப்பேர்கள்

கணவன் லீவில் வருவதற்கு நான்கு நாள் முன்பு, சமையலறைக் குழாயின் வாஷரைக் கழற்றி, பிளேடால் ஓரத்தை அரிந்து, திரும்ப மாட்டினாள். குழாய் சொட்டத் தொடங்கியது. மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அடுத்து குளியலறைத் தாழ்ப்பாள். பிறகு ஜன்னல் கீல், டியூப்லைட்டின் ஸ்டார்ட்டர், இஸ்திரிப் பெட்டியின் பிளக், மகளின் சைக்கிள் செயின். எண்ணிப் பார்த்தாள். பதினெட்டு. இருபது நாள் லீவில் வரப் போக இரண்டு நாளைக் கழித்தால், ஒரு நாளைக்கு ஒன்று.

யோசனை, அந்த ராணுவக் குடியிருப்பில் பக்கத்து வீட்டிலிருந்த டிரைவர் வீட்டு அக்காவுடையது.

"என் வீட்டுக்காரர் போன தடவை வந்தாரு. சுத்திச் சுத்திப் பாத்தாரு. ஒரு ஆணிகூட ஆடல. 'நீயேதான் எல்லாத்தையும் பாத்துக்கறியே'ன்னு சொல்லிட்டு, இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. நல்ல பேர் வாங்கி நான் என்னத்தைக் கண்டேன்? நீயாவது நாலு வேலையை மிச்சம் வெச்சு வை."

அந்தப் படிவம் இவள் வீட்டுக்கும் வரவிருந்தது. அவனுடைய பணிக்காலம் மார்ச்சோடு முடிகிறது. தொடர விரும்பினால் கையெழுத்துப் போட்டு, லீவு முடிந்து திரும்பும்போது கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் போனில், "என்ன சொல்றே?" என்று கேட்டான்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

போனை வைத்த பிறகு தன் வாயையே அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்த வாய் ஒன்பது வருடமாகப் பழகிய வாய். கல்யாணமான புதிதில், குடியிருப்புப் பெண்களை எல்லாம் உட்கார வைத்து ஓர் அதிகாரியின் மனைவி பேசினார். காவல் முனையில் நிற்பவரிடம் வீட்டுக் கவலையைச் சொல்லக் கூடாது. அன்றிலிருந்து மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், கூரை ஒழுகினாலும், போனில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் அவள் சொன்னது ஒன்றுதான்: "இங்க எல்லாம் நல்லா இருக்கு." பிறகு போனை வைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போவாள்.

அவன் வந்தான். கறுப்பு டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. ஏழு வயது மகள் கதவோரம் நின்று, "வாங்க" என்றாள், கூரியர்காரரிடம் சொல்வது போல. அலமாரியில் இவள் அவனுக்காக ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தாள். அவன் அதைப் பார்க்கவே இல்லை. சட்டை வேண்டுமானால் குனிந்து டிரங்கைத் திறந்து எடுத்தான். திரும்ப மூடினான்.

மறுநாள் காலை, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னாள். "குழாய் ஒண்ணு சொட்டுது."

அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. அவன் படையின் வண்டிப் பட்டறையில் மெக்கானிக். காலைக்குள் ஆறு லாரியை ஓட வைக்கிறவன். குழாயை முடித்தான், தாழ்ப்பாளை முடித்தான், கேட்காமலேயே ஜன்னலுக்குப் போனான். மறுநாள் மாலைக்குள் பதினெட்டும் முடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல."

கேட்ட குரலில் ஒரு பரபரப்பு இருந்தது. சொன்ன குரலில் ஒன்றுமே இல்லை.

அதன் பிறகு அவன் முழங்காலில் கை வைத்துக்கொண்டு, மருத்துவமனையில் முறை வரக் காத்திருப்பவன் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் டிரங்கிலிருந்து படிவத்தை எடுத்துப் படித்தான். ஐந்தாம் நாளும் படித்தான். அவள் பார்க்காதது போல நடமாடினாள். பக்கத்தில் இருப்பவனுக்காக இப்படி ஏங்க முடியுமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. தூரத்தில் இருந்தபோதாவது, தூரத்தின் மேல் பழி போடலாம்.

ஆறாம் நாள் வாசலில் மகளின் சைக்கிள் செயின் நிஜமாகவே கழன்றது. அவன் குனிந்தான்.

"நீங்க விடுங்கப்பா. அம்மாவைக் கூப்பிடுங்க. அம்மா ரெண்டே நிமிஷத்துல மாட்டிடுவா."

அவன் செயினை மாட்டிவிட்டு, மெல்ல உள்ளே வந்தான். சமையலறை மேடையில், அவள் முன்னால், சட்டைப் பையிலிருந்து எடுத்த பழைய வாஷரை வைத்தான்.

"தேஞ்ச வாஷர் வட்டமாத் தேயும். இது நேரா வெட்டியிருக்கு."

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"ஜன்னல் ஸ்க்ரூ டப்பாவுல இருந்துச்சு. தானா விழுந்த ஸ்க்ரூ, நடந்து போய் டப்பாவுல ஏறி உக்காந்து மூடியும் போட்டுக்குமா?"

சிரிப்பு வந்தது அவளுக்கு. கூடவே கண்ணும் நிறைந்தது.

"முத நாளே தெரியுமா?"

"பட்டறையில பதினாலு வருஷம்டி. எதுக்கு இதெல்லாம்?"

"நீங்க இல்லாமலே வீடு ஓடுதுன்னு தெரிஞ்சா, கையெழுத்துப் போட்டுடுவீங்க."

"ஓடலையா?"

"ஓடுது. அதுதான் பயமா இருக்கு." அவள் வாஷரை விரலால் தள்ளினாள். "குழாயை நான் பாத்துப்பேன். டீ போடும்போது ரெண்டு டம்ளர் எடுத்துட்டு, ஒண்ணைத் திரும்ப உள்ள வெக்கிறேன், ஒன்பது வருஷமா. அதை ரிப்பேர் பண்ணத்தான் எனக்குத் தெரியல."

அவன் குழாயை ஒரு தடவை திறந்து மூடினான்.

"ஞாயித்துக்கிழமை போனுக்கு லைன்ல நிக்கும்போதெல்லாம், இன்னிக்காவது ஏதாவது குறை சொல்லுவியான்னு பாப்பேன். நீ 'எல்லாம் நல்லா இருக்கு'ம்பே. சரி, நம்ம தேவைப்படலன்னு திரும்பி நடப்பேன். ரெண்டு கிலோமீட்டர் ஏத்தம்."

அவள் இரண்டு டம்ளர் எடுத்தாள்.

மிச்ச நாட்களில் அவன் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டான். காய்கறி வாங்கப் போய்ப் பாதியை மறந்து வந்தான்; அவள் திட்டினாள்; அந்தத் திட்டை அவன் ரசித்த மாதிரி இருந்தது. படிவத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு ஒரு பதில் வந்துவிட்டால், மீதி நாளை எப்படிக் கடத்துவது?

இருபதாம் நாள் காலை டிரங்கைத் தூக்கிக்கொண்டு போனான். மகள் தெருமுனை வரை சைக்கிளில் பின்னால் போய்த் திரும்பினாள். இவள் உள்ளே வந்து அலமாரியைத் திறந்தாள். தட்டு காலியாகத்தான் இருந்தது. அதன் முன்னால் கொஞ்சநேரம் நின்றாள்.

சமையலறையில் சத்தம் கேட்டது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கை தன்னால் ஸ்பேனரைத் தேடியது. கழற்றிப் பார்த்தாள். புது வாஷர். ஓரத்தில் நேராக ஒரு வெட்டு.

மதியம் ஸ்டேஷனிலிருந்து போன் செய்தான்.

"வீட்டுல எல்லாம் எப்படி?"

பழகிய வாய் திறந்தது. அவள் அதை மூடினாள். பிறகு சொன்னாள். "நல்லா இல்ல. குழாய் சொட்டுது."

"நீ கை வெக்காதே." ரயில் கூவியதில் அவன் குரல் அமுங்கி எழுந்தது. "மார்ச்சுல வந்து நான் பாத்துக்கறேன்."

"வந்துட்டு?"

"வந்துட்டு என்ன? அப்புறம் எங்க போகப் போறேன்? அந்தப் பேப்பர் கையெழுத்து இல்லாம வெறுமனேதான் இருக்கு."

அவள் குழாயைத் திரும்ப மாட்டி, அடியில் ஒரு பாத்திரத்தை வைத்தாள். ஏழு மாதம் இருந்தது மார்ச்சுக்கு. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே இவ்வளவு நேரமா என்று இருந்தது. ஸ்பேனரை டப்பாவில் போட்டு, அதன் மேல் மூடியை அழுத்தினாள்.