முப்பத்தெட்டாம் டிகிரி மச்சம்

கருவிக்கூடத்து எக்ஸ்ரே மெஷின் செத்துப்போய் இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஆகியிருந்தது. செத்த தேதி சுருளிக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்கு நாலாம் நாள் ஆயுத பூஜை. ஆராய்ச்சி மாணவர்கள் வழக்கம்போல வந்து மெஷினுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கதவில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போனார்கள். பௌதிகத் துறைப் பிள்ளைகள்தான் முன்வரிசையில் கும்பிட்டு நின்றார்கள். மெஷின் ஓடுகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இல்லை. சின்னக் குப்பியில் ஏதாவது ஒரு பொடியைக் கொண்டுவந்து கொடுத்தால், அதன்மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, அது தெறிக்கிற கோணத்தை டிகிரி டிகிரியாக அளந்து, உள்ளே என்னென்ன இருக்கிறதென்று மேடும் பள்ளமுமாக ஒரு கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோடு இல்லாமல் வைகைச் சமவெளிப் பல்கலைக்கழகத்தில் எந்த விஞ்ஞானமும் நகராது. வேப்பிலைப் பொடி, முருங்கை இலைப் பொடி, நண்டு ஓட்டுப் பொடி, குவாரிக் கல் பொடி, எல்லாம் சுருளியின் மேஜைக்கு வந்தாக வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவர்தான் மெஷினை ஓட்டினார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற தற்காலிக வேலை. தற்காலிகமாகவே அவருக்குத் தலை நரைத்து, மூத்த மகளுக்குக் கல்யாணமும் முடிந்திருந்தது.

மெஷினுக்கு ஒரு மச்சம் உண்டு. பொடி வைக்கிற தட்டு ஒரு நாள் உடைந்துபோய், புதுத்தட்டு கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வராமல், சுருளி சமயநல்லூர் லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஒன்று கடைந்து வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து எந்தப் பொடியை வைத்தாலும் கோட்டில் முப்பத்தெட்டு டிகிரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பும். அது பொடியினுடையது இல்லை, தட்டினுடையது. சுருளி எல்லாரிடமும் சொன்னார். ஆப்பரேட்டர் பேச்சை யார் கேட்கிறார்கள்? தாவரவியல்காரர்கள் அந்த மேட்டை முருங்கை இலையில் ஒளிந்திருக்கும் அபூர்வப் பொருள் என்று எழுதினார்கள். விலங்கியல்காரர்கள் நண்டு ஓட்டின் தனிச்சிறப்பு என்றார்கள். இரண்டும் அச்சாகி, ஒன்றுக்குப் பரிசுகூடக் கிடைத்தது.

எழுதுகிறவர்கள் எல்லாரும் கடைசிப் பக்கத்தில் சுருளிக்கு நன்றி சொல்வார்கள். அது ஒரு வழக்கம். மூத்த மாணவரின் ஆய்வேட்டிலிருந்து இளையவர் அந்தப் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார், அவரிடமிருந்து அடுத்தவர். மெஷின் செத்த பிறகும் பத்தி நிற்கவில்லை. அதுகூடப் போகட்டும், கோடுகளும் நிற்கவில்லை. போன மாசம் வந்த கட்டுரையைப் பார்த்தால், முப்பத்தெட்டாம் டிகிரியில் மச்சம் கம்மென்று உட்கார்ந்திருக்கும். தன் பெண்டாட்டி முகத்தை அடையாளம் தெரிகிற மாதிரி சுருளிக்கு அது தெரியும். மூத்தவர்களின் பென்டிரைவிலிருந்து இளையவர்களுக்குப் போனது நன்றி மட்டுமில்லை என்று அவருக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? புது எக்ஸ்ரே குழாய் கேட்டு ஆறு கடிதம் எழுதியிருந்தார். ஆறாவதுக்கு மட்டும் பதில் வந்தது. 'கருவி பழுதானதாகச் சொல்லப்படும் காலத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை கூடியிருப்பதால், பழுது நீக்க வேண்டிய தேவை விளங்கவில்லை.'

இப்படியிருக்கையில் ஒரு நாள் ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநர் பேராசிரியர் அருள்பாண்டி கூப்பிட்டனுப்பினார். "வாங்கண்ணே, உக்காருங்க" என்றார். நேற்றுவரை 'ஏப்பா சுருளி'. இன்றைக்கு அண்ணன், கூடவே நாற்காலி. சுருளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பல்கலைக்கழகத்துக்கு ரேங்குப் போடுற கமிட்டிக்கு ரிப்போர்ட் அனுப்பணும்ணே. நம்ம வாத்தியாருக அம்புட்டுப் பேரு எழுதுன கட்டுரையையும் கம்ப்யூட்டர்ல போட்டு அலசுனோம். யாரு பேரு அதிகமா வருதுன்னு பாத்தா, ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு கட்டுரையில உங்க பேரு! பிசிக்ஸ்லருந்து ஜுவாலஜி வரைக்கும். இம்புட்டு ஒழைச்ச மனுசனை டெம்ப்ரவரியா வச்சிருக்கமேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. பெர்மனன்ட் பண்ணிருவோம்."

சுருளி அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அருள்பாண்டி ஒரு தாளை நகர்த்தி வைத்தார். கருவி கடந்த ஐந்தாண்டுகளாக இடையறாது இயங்கி வருகிறது என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"சார்... மெஷினு ரெண்டு வருசமா ஓடலையே?"

"ஓடாமலா இருநூத்திப் பதினாலு கட்டுரை வந்திருக்கு?" அருள்பாண்டி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "சின்னச் சின்ன ரிப்பேரெல்லாம் ஓடுறதுல சேத்திதாண்ணே."

சுருளி கையெழுத்துப் போட்டார். யோசித்துவிட்டுப் போட்டார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் யோசிக்கவில்லை. பரவை மார்க்கெட்டில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டி மலையம்மாளிடம் இந்தச் சேதியை முதலில் சொல்ல வேண்டும் என்கிற அவசரம்தான் பேனாவைப் பிடித்திருந்தது. அவள் தராசைப் பிடித்தபடியே கேட்டாள். பிறகு, "இனிமே ஆறு மாசத்துக்கு ஒருக்கா வயித்துல புளியக் கரைக்காது" என்றாள். அன்று முழுக்க அவள் தராசில் தக்காளி கூடுதலாகவே நின்றது.

ஒரு வாரம் கழித்து முத்துச்செல்வி வந்தாள். வேதியியல் துறை ஆராய்ச்சி மாணவி. பரவை கண்மாய் வண்டலில் என்னென்ன உப்புப் படிகிறது என்று பார்ப்பது அவள் வேலை. இங்கே மெஷின் செத்ததும் மற்றவர்கள் பென்டிரைவைத் தேடினார்கள். இவள் மட்டும் குப்பிகளை டிபன் பாக்ஸில் அடுக்கி, வெளியூர் லேப்புக்கு ஏழு தடவை பஸ் ஏறினாள். ஊருக்கே ஒரு வழி இருக்க, இவளுக்கு மட்டும் இந்த வீம்பு.

"அண்ணே, வெளிய எடுத்த கோடுன்னுதான் ஆய்வேட்டுல எழுதியிருந்தேன். அருள்பாண்டி சார்தான் எனக்கு கைடு. அந்த வரிய அடிச்சுட்டாரு. எல்லாருக்கும் இங்க ஓடுன மெஷினு உனக்கு மட்டும் ஓடலையாக்கும்னு கேக்குறாரு. மெஷினு ரிப்பேருன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்ணே. இந்த மாசத்தோட எனக்குக் கெடு முடியுது."

சுருளி மெஷினைப் பார்த்தார். குங்குமம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"எழுதிக் குடுத்தா எம் பொழப்பு போயிரும் தாயி. எல்லாரும் போடுற மாதிரி நீயும் அந்த நன்றியப் போட்டுக் குடுத்துரு. யாரு படிக்கப் போறா?"

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். "சரிண்ணே, வாரேன்" என்று போய்விட்டாள். அன்றைக்குச் சுருளிக்கு மதியச் சோறு இறங்கவில்லை. தன்னைத் தனக்கே பிடிக்காமல் போவது எப்படியிருக்கும் என்று ஐம்பத்து நாலாவது வயதில் தெரிந்துகொண்டார்.

ஆறு மாசம் கழித்து முத்துச்செல்விக்கு வாய்மொழித் தேர்வு. அன்று காலையிலேயே அருள்பாண்டி போன் பண்ணினார். "ஆர்டர் டைப் ஆயிருச்சுண்ணே. துணைவேந்தர் சாயங்காலம் கையெழுத்துப் போடுறாரு. வைவா முடியவும் ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கங்க." வைவா என்றால் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். சுருளியும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பின்னால் மேஜையில் ஜாங்கிரியும் மிக்சரும் தயாராக இருந்தன. வழக்கமாக எல்லாருக்கும் கண் அதன்மேல்தான் இருக்கும்.

தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை மீனா. ஆய்வேட்டை அவர் உண்மையிலேயே படித்துவிட்டு வந்திருந்தார். இப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"உங்க பல்கலைக்கழக ஆய்வேடு முப்பதுக்கு மேல திருத்தியிருக்கேன்" என்றார். "எல்லாத்துலயும் முப்பத்தெட்டு டிகிரிகிட்ட ஒரு சின்ன மேடு இருக்கும். மெஷினோட குறைன்னு விட்டுருவேன். உங்க கோட்டுல மட்டும் அது இல்ல. ஆனா கடைசிப் பக்கத்துல இதே மெஷின்ல எடுத்ததா நன்றி சொல்லியிருக்கீங்க. இந்தக் கோடு எங்கேர்ந்து வந்துச்சு? வரைஞ்சீங்களா?"

முத்துச்செல்வி வாயைத் திறந்து, அருள்பாண்டியைப் பார்த்து, மூடிக்கொண்டாள். ஏழு தடவை பஸ் ஏறி வாங்கிய கோட்டைப் போலி என்கிறார்கள். பென்டிரைவில் வந்ததெல்லாம் பட்டம் வாங்கி வேலையிலும் உட்கார்ந்துவிட்டது.

அருள்பாண்டி அசரவில்லை. "சந்தேகமே வேண்டாம் மேடம். மெஷினை ஓட்டுனவரே இங்க இருக்காரு. சுருளி அண்ணே, எந்திரிச்சுச் சொல்லுங்க. இது நீங்க எடுத்த கோடுதான?"

சுருளி எழுந்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், சாயங்காலம் ஆர்டர். மலையம்மாள் தராசைப் பிடித்தபடி அந்தச் சேதியைக் கேட்டது நினைவுக்கு வந்தது. முன்னால் நின்ற பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பொய் சொல்வார் என்று அவளுக்கு நிச்சயம். அதுதான் அவரைச் சுட்டது.

"இல்லைங்கம்மா, இது நான் எடுத்ததில்ல" என்றார். "மெஷினு செத்து மூணு வருசம் ஆகப்போகுது. அந்த மேடு நான் லேத்துல கடைஞ்சு மாட்டுன தட்டோடது. இந்தப் பிள்ள கோட்டுல அது இருந்தாத்தான் தப்பு. வெளியூரு போயி எடுத்துட்டு வந்துச்சு. உள்ளபடி எழுத விடல. நானும் எழுதிக் குடுக்கல."

மீனா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இந்த மூணு வருஷத்துல வந்த மத்த கோடெல்லாம் யார் எடுத்தது?"

"அது எனக்கும் தெரியலைங்கம்மா. நன்றி மட்டும் எனக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு."

பிறகு நடந்ததெல்லாம் பல்கலைக்கழகம் எவ்வளவு சுறுசுறுப்பான இடம் என்பதற்குச் சாட்சி. ஜாங்கிரியை யாரும் தொடவில்லை. ஆர்டர் கையெழுத்தாகவில்லை. மூன்று வருஷமாக வராத எக்ஸ்ரே குழாய் ஒன்பதே நாளில் வந்தது. ரேங்குக் கமிட்டி வந்து பார்க்கும்போது மெஷின் ஓட வேண்டுமே. ஓட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காததால் சுருளிக்கு இன்னும் ஆறு மாசம் புதுப்பித்தார்கள். பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டதற்காக மெமோவும் வந்தது. அதை எழுதியவர் அருள்பாண்டி. ஓடாத மெஷினை ஓடியதாக ஒருவர் எப்படித் துணிந்து எழுதலாம் என்று அதில் மிகவும் வருத்தப்பட்டிருந்தார்.

மலையம்மாளிடம் மெமோவைக் காட்டினார் சுருளி. அவளுக்கு வாசிக்கத் தெரியும். இரண்டு தடவை வாசித்தாள். "இன்னும் ஆறு மாசந்தான?" என்று கேட்டு, மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பட்டம் உறுதியான மறுநாள் முத்துச்செல்வி கருவிக்கூடத்துக்கு வந்தாள். திருத்திக் கட்டிய ஆய்வேட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். சுருளி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். பெற்றோருக்கு நன்றி, வெளியூர் லேப்புக்கு நன்றி, பஸ் நேரம் சொல்லி உதவிய பக்கத்து வீட்டு அன்னக்கொடிக்குக்கூட நன்றி. அவர் பெயர் இல்லை.

"மேடம் ஒரு திருத்தந்தாண்ணே சொன்னாங்க" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "நீங்க எடுக்காத கோட்டுக்கு உங்க பேரு இருக்கக் கூடாதாம். எடுக்கச் சொல்லிட்டாங்க."

சுருளி அந்தப் பக்கத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க தாயி" என்று சொல்லி, ஆய்வேட்டை மூடி மெஷின் மேல் வைத்தார்.