விட்டால் நிற்கும் வண்டி

கடைத் தரையில் ஏறக்குறையப் படுத்தேவிட்டார் என் கணவர். குழந்தையை வைத்துத் தள்ளும் மூன்று சக்கர வண்டியின் அடியில் தலையை விட்டு, பின் சக்கரத்துக்குப் போகும் கம்பியை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். கடைப்பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார் வண்டி வாங்க வந்தாரா, ரிப்பேர் பண்ண வந்தாரா மேடம்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். லிஃப்ட் மெக்கானிக், எதையும் அடியிலிருந்து பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும் என்றேன். கல்யாணத்துக்கு முன்பு என்னைப் பார்க்க வரும்போதே எங்கள் வீட்டுக் கதவின் கீல்களைத்தான் அதிகம் பார்ப்பார். குழந்தை என் இடுப்பில் இருந்தான். பத்து மாதம். எங்கள் வீட்டில் அவனுக்குப் பொடியன் என்று பெயர். அப்பாவின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அவன் சந்தேகத்தோடு பார்த்தான்.

அந்தக் கம்பிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தோம். வண்டியின் கைப்பிடிக்குக் கீழே இன்னொரு கம்பி உண்டு. கைப்பிடியையும் அதையும் சேர்த்துப் பிடித்தால்தான் சக்கரம் உருளும். கையை எடுத்தால் பின் சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே கட்டிக்கொள்ளும். மற்ற வண்டிகளில் காலால் மிதித்துப் போடுகிற பிரேக்தான். மிதிக்க ஆள் வேண்டும். இதற்கு ஆளே வேண்டாம். வாரக்கணக்கில் ஃபோனை நோண்டி இவர் கண்டுபிடித்தது இது. "லிஃப்ட்டும் இப்படித்தான். கரன்ட் இருந்தாத்தான் பிரேக் திறக்கும். கரன்ட் போச்சுன்னா தானா கட்டிக்கும்," என்று எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "எது கெட்டாலும் நிக்கற பக்கமாத்தான் கெடணும்."

எங்கள் வீட்டில் கெடுவது என்ன என்று கடைப்பெண்ணிடம் சொல்லவில்லை. கெடுவது நான்தான்.

எனக்கு அவ்வப்போது நினைவு நழுவும். கீழே விழுந்து துடிப்பதெல்லாம் கிடையாது. நின்றது நின்றபடி, உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருப்பேன், ஆள் மட்டும் இருக்க மாட்டேன். ஒரு நிமிடம், சில சமயம் கொஞ்சம் கூடுதல். இதுவும் ஒரு வகை வலிப்புதான் என்றார் டாக்டர். மாத்திரையில் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது, மிச்சக் கால்வாசி அடங்க மறுக்கிறது. வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. "போயிட்டா," என்பார் அம்மா, நான் என்னவோ பால் வாங்கப் போனதைப் போல. திரும்பும்போது என் காதில் முதலில் விழுவது பெரும்பாலும் இவர் குரலாக இருக்கும். "வந்துட்டியா?" என்பார். எங்கேயிருந்து என்று எனக்குத் தெரியாது. ஆனால் வந்துவிட்டேன் என்று தலையாட்டுவேன்.

நான் போவதைவிட, போன பிறகு இங்கே இருப்பது யார் என்பதுதான் என்னை ஆட்டி வைத்தது. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாள், நீளமான சீலையின் கீழ்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் போய்விட்டேன். வந்து பார்த்தால் மடிப்பு முடிந்திருந்தது. முதலாளியம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "இப்படி நேரா தைக்க இத்தனை நாள் எங்க போயிருந்தே?" என்றார். அதைத் தைத்தவளை நான் பார்த்ததே இல்லை. கண்ணாடி முன்னால் தலை சீவும்போது, சட்டென்று திரும்பினால் பிடித்துவிடலாமா என்று சில நாள் திரும்பிப் பார்த்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் பயமாக இருக்கும்.

வாயை மட்டும் எதையோ மெல்லுவதைப் போல அசைப்பேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். கையைப் பற்றி இவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒருமுறை தண்ணீர் டம்ளரைப் பிடித்திருந்தபோது போய்விட்டேன், டம்ளர் விழுந்தது. கரன்ட் போனால் கை தளரும் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். நானும் சரி என்றேன். டாக்டரும், கையை விட்டால் நிற்கிற வண்டி கிடைத்தால் யோசிக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

யோசிக்க வேண்டியது இதுதான்: நான் குழந்தையோடு தனியாகத் தெருவில் இறங்கலாமா, கூடாதா. பத்து மாதமாக இறங்கியதில்லை. அம்மா வாலைப் போலக் கூடவே வருவார். குளிப்பாட்டுவது அவர், அடுப்பும் அவர் பொறுப்பு. என் தங்கைக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை அம்மா அங்கே கிளம்புகிறார். அதற்குப் பிறகு, இவர் வேலை முடிந்து வரும்வரை நாங்கள் இருவரும் மூன்றாம் மாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. பூங்காவரை போய், ஒரு பெஞ்சில் அவனோடு உட்கார்ந்துவிட்டு, திரும்பி வர வேண்டும். யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்காமல்.

"சீட்டைத் திருப்பியும் மாட்டலாம் மேடம். பாப்பா உங்களைப் பார்த்துட்டே வரும்," என்று கடைப்பெண் மாட்டிக் காட்டினாள். பொடியனை உட்கார வைத்து வாரைப் பூட்டினோம். சோதனையை இவர் நடத்தினார். "நட. நான் சொல்லும்போது விடு." நடந்தேன். "விடு." விட்டேன். வண்டி நின்ற வேகத்தில் பொடியன் தலை லேசாக ஆடியது. அவன் சிரித்தான். கடைக் கதவுக்கு வெளியே சாலைக்கு இறங்கும் சரிவிலும் விடச் சொன்னார். அங்கேயும் நின்றது. இவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பிரசவ அறையில்கூடப் பார்க்கவில்லை. "இனிமே நீ போகலாம்," என்றார். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். உத்தரவாதம் பற்றி விசாரிக்க இவர் பில் போடும் இடத்துக்குப் போனார். நான் கடையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்றேன்.

முன்னால் ஒரே சக்கரம் என்பதால் வண்டி ஒற்றை விரலுக்குத் திரும்பியது. தொட்டில்களைத் தாண்டி, சோறு ஊட்டும் உயர நாற்காலிகளைத் தாண்டிப் போனேன். பொம்மைகள் இருந்த பக்கம் ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது. பொடியன் கண்ணில் வெயில் படுகிறதே என்று மேல்மூடியை இழுக்கலாமா என நினைத்தேன்.

"வந்துட்டியா?"

வெளியே இருந்தேன். கடைக் கதவுக்கு வெளியே, சரிவின் நடுவில். நாலடி தள்ளி, சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வண்டியின் முன்பக்கத்தை இவர் இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைப் பின்னால் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கமிருந்து யாரோ தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவை என் கைகள். கம்பியும் கைப்பிடியும் என் விரல்களுக்குள் சேர்ந்தே இருந்தன.

"கையை விடு," என்றார் இவர். அதட்டவில்லை. நெடுநேரமாகச் சொல்லிக்கொண்டிருந்த களைப்பு குரலில் இருந்தது. விட்டேன். சக்கரம் கட்டிக்கொண்டது. வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை.

உள்ளே வந்ததும் கடைப்பெண் தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு முகம் வெளிறியிருந்தது. அவளுக்குப் பின்னால் சுவரில், கடையின் கேமராக்கள் காட்டும் சின்னத் திரை ஒன்று இருந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை.

"நான் பார்க்கணும்," என்றேன்.

"மேனேஜர் திட்டுவாரு மேடம்."

"வேண்டாம். பார்த்து என்ன ஆகப்போகுது?" என்றார் இவர்.

"நீங்க எல்லாரும் பார்த்திருக்கீங்க. நான் மட்டும்தான் பார்க்கல."

கடைப்பெண் இவரைப் பார்த்தாள். பிறகு எதையோ அழுத்தினாள்.

சத்தம் இல்லாத படம். பொம்மைகள் பக்கம் ஒருத்தி வண்டியோடு நின்றிருந்தாள். என் புடவை, என் கொண்டை. அவள் ஒரு விநாடி நின்றாள், பிறகு நடந்தாள். நான் எதிர்பார்த்தது கண் சொருகிய ஒரு பேயை. அப்படி எதுவும் இல்லை. நிதானமாக நடந்தாள். நாற்காலிகளுக்கு இடையில் இடிக்காமல் வளைந்து போனாள், நான் போனதைவிட லாவகமாக. பில் போடும் இடத்தைக் கடந்தபோது இவர் திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். ஏதோ சொல்லவும் சொன்னார். அவள் பதில் சொல்லாமல் போனாள். நான் பதில் சொல்லாமல் போவது எங்கள் வீட்டில் அதிசயமில்லை என்பதால் இவர் பேச்சைத் தொடர்ந்தார். கதவு தானாகத் திறந்து அவளுக்கு வழி விட்டது. அதைப் பார்த்த பிறகுதான் இவர் ஓடினார்.

"திரும்பக் காட்டு," என்றேன். "இன்னொரு கேமரா இருக்கா? முன்பக்கமிருந்து?"

கதவுக்கு மேலிருந்து எடுத்த படத்தில் அவள் முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது, எங்கேயும் பார்க்கவில்லை. வாய் மட்டும் மெதுவாக மென்றது, இரண்டு தரம், பிறகு நிறுத்தி மூன்றாவது. வண்டி கதவருகில் திரும்பியபோது பொடியன் தெரிந்தான். அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பயப்படவில்லை, அழவில்லை. கையை ஆட்டினான். பிறகு அவனும் வாயை மென்றான். இரண்டு தரம், நிறுத்தி, மூன்றாவது. மென்றுவிட்டு அவளுக்காகக் காத்திருந்தான். அவள் மென்றாள். அவனுக்குக் கால் உதைக்கிற அளவுக்குச் சிரிப்பு. ஒரே நாளில் பழகிய விளையாட்டு இல்லை அது. அம்மா சமையலறையில் இருந்த மத்தியானங்களில், நான் போனதே எனக்குத் தெரியாத நேரங்களில், இவர்கள் இருவரும் எத்தனை தரம் விளையாடியிருக்கிறார்கள். எனக்குப் பயம் வந்தது. அதைவிடக் கேவலம், பொறாமையாகவும் இருந்தது.

கடைப்பெண் திரையை அணைத்தாள். குழந்தைகளுக்குச் செருப்பு போட்டுப் பார்க்கும் நீளப் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். இவர் வண்டியின் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு மெக்கானிக் தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காது.

"ரொம்ப இறுக்கிப் பிடிச்சாலும் நிக்கற மாதிரி ஒண்ணு செய்யலாம்," என்றார். "நடுவுல பிடிச்சா ஓடும். விட்டாலும் நிக்கும், இறுக்கினாலும் நிக்கும். மிஷின்கள்ல அப்படி ஸ்விட்ச் இருக்கு."

"அவ இறுக்கிப் பிடிக்கல. நான் பிடிக்கற மாதிரியே பிடிச்சிருந்தா."

"அவள்னு சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது? எது நான், எது அவள்னு அந்தக் கம்பிக்கு எப்படித் தெரியும்? நீங்களே பார்த்துச் சிரிச்சீங்க."

இவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். சொல்லியிருக்க வேண்டாம்தான், சொல்லிவிட்டேன். "அத்தையைக் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லிப் பார்க்கட்டுமா?" என்றார். தங்கைக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றேன். பில் போடட்டுமா என்று கேட்க வந்த கடைப்பெண், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதிரே பால் புட்டிகளை அடுக்கத் தொடங்கினாள்.

பொடியனை வாரிலிருந்து விடுவித்து மடியில் என்னைப் பார்க்க உட்கார வைத்துக்கொண்டேன். இவர் வண்டியை மடக்க எழுந்து போனார். எடுத்துப் போகவா, இருந்த இடத்தில் வைக்கவா என்று நான் கேட்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குழந்தையின் முகத்துக்கு நேராக என் வாயை மென்றேன். இரண்டு தரம். நிறுத்தி, மூன்றாவது.

அவன் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்தான். நான் மறுபடியும் மென்றேன். எச்சில் ஈரமான கையை நீட்டி என் உதட்டைத் தொட்டுப் பார்த்தான், பிறகு கன்னத்தை. பின்னால் வண்டி மடங்கி விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. அதற்கும் அவன் திரும்பவில்லை. என் இரண்டு கண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து, உள்ளே யாரையோ தேடிக்கொண்டிருந்தான்.