வலைக்குள் பழைய மீன்

"எடுங்க, முதல்ல அந்த மீனை வெளியில எடுங்க—"

"இப்பதானேம்மா விட்டேன், கொஞ்சம் பழகட்டும்—"

"பழகாது. அடிச்சே கொன்னுடும். அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்," என்றாள் மகள்.

வீட்டில் குரல் உயர்ந்தால் அப்பா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றக் கிளம்பிவிடுவார். தையல்காரி இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து செடிகள் நனைந்து நனைந்து வேர் அழுகத் தொடங்கியிருந்தன.

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு மஞ்சள் மீன்கள் ஒன்றையொன்று வட்டமிட்டன. கடல் ஏஞ்சல் மீன்கள். கண்ணைச் சுற்றி மை தீட்டினாற்போல் நீலக்கோடு. ஒன்று, மகளின் அம்மா இருந்தபோது ஜோடியாக வளர்த்ததில் ஆண். அம்மா இறந்துபோன பின்னால் பெண் மீனும் போய்விட்டது. மற்றது இன்று காலை தையல்காரி வாங்கி வந்தது. ஒற்றையாய்ச் சுற்றும் மீனைப் பார்க்கும்போதெல்லாம் மகள் முகம் சுண்டிப்போவதைக் கவனித்துத்தான் கடைக்குப் போனாள். அந்தப் பெண் இன்னும் ஒரு தடவைகூட அவளை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க', 'உங்களைத்தான்' என்பதோடு சரி. மீனாவது அவள் வாயைத் திறக்க வைக்குமென்று நம்பினாள். திறக்கத்தான் வைத்தது.

"இருக்கறதுலயே வாட்டசாட்டமானதைக் கேட்டு வாங்கினேன். இதுக்கு ஈடா இருக்கணுமில்ல?"

"அதான் தப்பு. இந்த மீனு குட்டியா இருக்கறப்ப எல்லாமே பெண்ணுதான். ஒண்ணா வளர்றதுல எது பெருசோ அது ஆணா மாறிடும். நீங்க கடைத் தொட்டியோட ராஜாவைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையைக் கட்டி வைக்கறீங்க."

சிரிக்க வேண்டிய பேச்சு. யாரும் சிரிக்கவில்லை. கைவலையை எடுத்து வருவதற்குள் புதியது பாறை இடுக்கில் புகுந்தது. பழையதும் பின்னாலேயே நுழைந்தது. புதியதை வெளியே எடுத்தபோது அதன் வால் கிழிந்து தொங்கிற்று. சாயங்காலம் உப்புத் தண்ணீர் வாளியில் அது பக்கவாட்டில் மிதந்தது.

"என் கையால ஒரு உசுரு போச்சு," என்றாள் தையல்காரி.

அன்று சாப்பாட்டுக்குப் பின் மகள் அவள் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள்.

அடுத்த தடவை கடைக்கு மகளே கூட வந்தாள். மற்ற மீன்களிடமெல்லாம் குட்டு வாங்கி மூலையில் ஒதுங்கி நின்ற ஒரு பொடி மீனைக் காட்டினாள்.

"இதையா? பாவம், நோஞ்சானா இருக்கேம்மா."

"நோஞ்சானா இருக்கறதாலதான் பெண்ணா இருக்கு. எதிர்த்து நிக்காது. ஆனாலும் நேரா விட்டா இதையும் விரட்டும். தொட்டி மொத்தமும் தன்னுதுன்னு அதுக்கு நினைப்பு."

"அப்ப நடுவுல ஒரு தடுப்பு வேணும். நான் தைச்சுத் தரவா?"

"தைங்க. பெட்டி மாதிரி."

பிளாஸ்டிக் வலையை வெட்டி, தூண்டில் நரம்பால் தைத்தாள். செதிலைக் கீறாதபடி முடிச்சுகளையெல்லாம் வெளிப்பக்கம் தள்ளினாள். கல்யாண ரவிக்கைக்குக்கூட அவள் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. மகள் பெட்டியைத் தொட்டியின் ஓரத்தில் தொங்கவிட்டாள். தையல்காரி சின்ன மீன் இருந்த பையை நீட்டினாள்.

மகள் பையை வாங்கவில்லை. கைவலையைத் தண்ணீரில் விட்டு அம்மாவின் மீனைப் பிடித்தாள். பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"அதையா உள்ள போடறே?"

"பழசை அடைச்சு வெச்சாத்தான் புதுசு பயமில்லாம சுத்தும். எல்லா இடுக்கையும் பார்த்துத் தனக்குன்னு ஒரு மூலை பிடிச்சுக்கும். அப்புறம் திறந்துவிட்டா அடிக்காது. பெரும்பாலும்."

தையல்காரி பையைக் கவிழ்த்தாள். சின்னது பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பெரியது வலையை முட்டி முட்டிப் பார்த்து ஓய்ந்து, துடுப்பை மட்டும் அசைத்தபடி நின்றது. மகள் அதற்கு நேராகக் கண்ணாடியில் விரலை வைத்திருந்தாள். கண் நிறைந்திருந்தது. தையல்காரி பார்த்தும் பாராததுபோல் இருந்தாள்.

பாறை ஓரத்தில் ஒரு மஞ்சள் மூக்கு தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சித்தி. நிழல் விழுந்தா அது வெளியில வராது."

அவள் தள்ளி நின்றாள். கையில் இன்னும் ஈரப் பை இருந்தது.

"இது இப்படி அடைபட்டுக் கிடக்கறதைப் பார்த்தா, உங்கம்மாவுக்குப் பொறுக்குமாம்மா?"